கூடாரத்துக்குள்ள தொங்கவிட ஒரு லைட்டு

கடை வெளிச்சத்துல லைட்டு வாங்காதேம்பாரு எங்கப்பா. வாங்குனா... வாங்குனா என்னமோ செய்யணும்னு சொல்வாரு, அந்த மிச்சப் பாதி ஞாபகம் வரமாட்டேங்குது, பாய். ஹார்பர்ல எலக்ட்ரிஷியனா இருந்தவரு. புக்கிட் பாஞ்சாங்ல ரயில் ஏறுனதிலேருந்து இங்க எறங்குற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே வந்தேன். வரல. சரி, அத விடுங்க. இத மாத்திக் குடுப்பீங்களான்னு பாருங்க.

இல்ல, கெட்டுப் போகல. நல்லாத்தான் எரியுது. அதான் பிரச்சனையே. அன்னிக்கு நீங்க கடையில இல்ல, உங்க தம்பி ரஃபீக்தான் இருந்தாரு. கேம்பிங்குக்குன்னு சொன்னேன். கையளவுல ஆரஞ்சுக் கலர்ல ஒன்னு எடுத்துக் காட்டுனாரு. விலையும் கம்மிதான். நாந்தான் பத்தாதுன்னுட்டேன். மேல தட்டுல இருந்த இதக் காட்டி, அத எடுங்கன்னேன். அண்ணே, அது கான்ட்ராக்டருங்க வாங்குறதுன்னாரு. பரவால்லன்னேன். அவரு மேல தப்பில்ல, அவரத் திட்டிடாதீங்க. பில்லு இருக்கு. பெட்டியும் இருக்கு. ஓரம் கொஞ்சம் நசுங்கியிருக்கு, எங்க சின்னவன் அதுமேல ஏறி உக்காந்துட்டான்.

கேம்பிங் எங்கயா? பாசிர் ரிஸ் பார்க்குலதான், வேறெங்க போறது. சிரிங்க, சிரிங்க. உங்க தம்பியும் இப்படித்தான் சிரிச்சாரு. பார்க்கு பூரா லேம்ப் போஸ்ட்டு, கடல்ல நிக்கிற கப்பல்ல லைட்டு, தலைக்கு மேல சாங்கிக்கு எறங்குற பிளேன்ல லைட்டு, அங்க போயி எதுக்குண்ணே லைட்டுன்னாரு. வாஸ்தவந்தான். நான் இருந்த எடம் அப்படிப் பழக்கிருச்சு. ஆஸ்திரேலியா, மேக்குப் பக்கம், கேஸ் பிளான்ட்டு. பெர்த்துலேருந்தே இன்னொரு பிளேன் புடிச்சுப் போகணும். ராத்திரி ரூம விட்டு வெளிய வந்தா நம்ம கை நமக்கே தெரியாது. இருட்டுன்னா அதுதான்னு மனசுல தங்கிப் போச்சு. போன வருஷந்தான் ஒரேடியா திரும்பி வந்தேன். இந்த ஊர்ல இருட்டே கெடையாதுங்கறது மறந்துபோச்சு எனக்கு.

பாருங்க, பாருங்க, அந்தம்மா எக்ஸ்டென்ஷன் வயரு கேக்குறாங்க. மொதல்ல அவங்களக் கவனிங்க. எனக்கு ஒன்னும் அவசரமில்ல.

முடிஞ்சுதா? நல்லா பேரம் பேசுறாங்க. நான் பேசமாட்டேன், பயப்படாதீங்க.

விஷயம் என்னன்னா, சனிக்கிழமை ராத்திரி பிள்ளைங்க என்கூடத் தங்குறாங்க. மொதத் தடவ. மூத்தவ இனியா, பிரைமரி ஃபோர். சின்னவன் ஆதவன், இன்னும் கிண்டர்கார்டன்தான். அவங்கம்மாகூட செங்காங்ல இருக்காங்க. ஆமா, நாங்க பிரிஞ்சுட்டோம். அது ரொம்ப நாளாச்சு. இப்ப சண்டையெல்லாம் ஒன்னுமில்ல, பேசிக்கிறோம். ஞாயித்துக்கிழமை காலையில போயி கூட்டிட்டு வருவேன், சாயங்காலம் கொண்டுபோயி விட்டுருவேன். ராத்திரி மட்டும் தங்குனதில்ல. ஏன்னா இனியாவுக்கு இருட்டுன்னா பயம். சும்மா பிள்ளைங்க பயப்படுற மாதிரி இல்ல. மூச்சு வாங்கும், கையெல்லாம் சில்லுன்னு ஆயிரும். ராத்திரி பூரா ரூம்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கணும்.

லீலா ஒரு கண்டிஷன் போட்டா. லீலான்னா அவங்கம்மா. நடுராத்திரி எந்திரிச்சு அம்மா வேணும்னு பிள்ள ஒரு ஃபோன் பண்ணுனாப் போதும், டாக்சி புடிச்சு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்னா. சரின்னேன். நியாயந்தானே.

அதுக்குத்தான் லைட்டு. இனியா விடியிற வரைக்கும் தூங்கணும். அவ்வளவுதான் வேணும் எனக்கு.

இல்ல பாய், ஒரு ராத்திரி தூங்கலைன்னா என்னன்னு விட முடியாது. லீலாவுக்கு ஆக்லாந்துல வேலை கெடச்சிருக்கு. ஆஸ்பத்திரி வேலை, நல்ல வேலை. வருஷக் கடைசியில பிள்ளைங்களையும் கூட்டிட்டு ஒரேடியா போகணும்கிறா. அதுக்கு நான் ஒத்துக்கணும், இல்லன்னா கோர்ட்டு சொல்லணும். நான் ஒத்துக்கல. தஞ்சோங் பகார்ல ஒரு லாயரம்மாவப் புடிச்சேன். கெட்டிக்காரங்க. அவங்க ஃபைலப் பொரட்டிப் பாத்துட்டு, சார், பிள்ளைங்க ஒரு ராத்திரிகூட உங்ககிட்டத் தங்குனதில்ல, உங்க கேஸ்ல இதான் ஓட்டைன்னாங்க. தங்க வைங்க. பிள்ள அழாம தூங்கி எந்திரிக்கட்டும். நாலு ஃபோட்டோ எடுங்க. கூடாரத்துக்குள்ள உக்காந்த மாதிரி, மூஞ்சி தெளிவாத் தெரியிற மாதிரி. சிரிச்சா ரொம்ப நல்லது. அப்பாகூட இருந்தா இந்தப் பிள்ளைக்கு நிம்மதின்னு அதப் பாத்தாலே தெரியணும்னாங்க.

இப்பப் புரியுதா, ஏன் இந்தக் குண்டு லைட்ட எடுத்தேன்னு. மூஞ்சி தெளிவாத் தெரியணும்ல.

எடுங்க, அந்த ஆரஞ்சையே காட்டுங்க. இது அமுக்குனா மடங்குமா? ஓ, சப்பையாயிருது. நல்லாருக்கு, பையில எடமே புடிக்காது. பேட்டரியா, சார்ஜ் போடறதா? சார்ஜே போதும். பவர்பேங்க் இருக்கு என்கிட்ட. மேல கொக்கி இருக்கா? இருக்கு. சரி. வெளிச்சம் வெள்ளையா வருதே. மஞ்சளா வராதா? அழுத்திப் புடிக்கணுமா? ஆங். வெள்ளைக்குப் பூச்சி வரும், மஞ்சளுக்கு அவ்வளவா வராது. அது எனக்கே தெரியும், பிளான்ட்டுல பாத்திருக்கேன். இன்னும் கொறையுமா? இன்னும்?

அந்த நெத்தியில கட்டுறதும் ஒன்னு குடுங்க, சின்னவனுக்கு. டாய்லெட்டுக்கு நடக்கும்போது மாட்டிக்குவான். மெட்ரோ தோண்டுறவரு மாதிரி இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன், குதிக்கிறான்.

தொங்குற சீரியல் லைட்டா? வேணாம் பாய், தீபாவளிக்கு மேம்பாலத்துல கட்டுன மாதிரி மினுக்கு மினுக்குன்னு இருக்கும். அதப் பாத்துக்கிட்டு எவன் தூங்குவான்.

இந்தக் குண்டு லைட்டு சரிப்படாதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சேன்னு கேக்கலையே. போன ஞாயித்துக்கிழமை வீட்லயே ஒத்திகை பாத்துருவோம்னு தோணுச்சு. ஹாலுல சோபாவ ஒதுக்கிட்டுக் கூடாரத்த விரிச்சேன். வாடகை வீடு, சாமான் கம்மி, எடம் இருந்துச்சு. இன்னிக்குக் கொஞ்சம் லேட்டா கொண்டாந்து விடறேன்னு லீலாகிட்டக் கேட்டுக்கிட்டேன். உங்க மக்ரிபு தொழுகை நேரம் தாண்டி இருட்டட்டும்னு உக்காந்திருந்து, எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, கூடாரத்துக்கு வெளிய வச்சு இதப் போட்டேன். பாய், வீடே ஆப்பரேஷன் தியேட்டர் மாதிரி ஆயிருச்சு. ஆதவன் ரெண்டு கண்ணையும் பொத்திக்கிட்டு, அப்பா இது வலிக்குதுங்கறான். கொஞ்ச நேரத்துல எங்க பிளாக் வாட்ஸ்ஆப் குரூப்புல ஒரு ஆன்டி ஃபோட்டோவோட போடுறாங்க, யாரோ ஞாயித்துக்கிழமையும் வெல்டிங் பண்றாங்க, டவுன் கவுன்சிலுக்குச் சொல்லணும்னு. பாத்தா நம்ம ஜன்னல். அதுக்குக் கீழ வரிசையா கட்டவிரலு. நானும் ஒரு கட்டவிரலப் போட்டு வச்சேன், வேறென்ன பண்றது.

உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கும் அன்னிக்குச் சிரிப்பு வந்திருக்கணும்.

ஏன்னா அதுக்கப்புறந்தான் இனியாவக் கவனிச்சேன். கூடாரத்துக்குள்ள ஒரு மூலையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கா, கண்ண மூடிக்கிட்டு. அவ்வளவு வெளிச்சத்துல கூடாரத் துணியில நெழலு பெருசு பெருசா விழுது. ஸ்டாண்ட் ஃபேன் நெழலு ஒவ்வொரு சுத்துக்கும் அவ மேல வந்து வந்து போகுது. வெளிச்சம் கூடக்கூட நெழலும் கூடும்னு எனக்குத் தோணவே இல்ல. டக்குன்னு அணைச்சுட்டேன். அப்புறம் ஃபோன் டார்ச்ச மேல பாக்க வச்சு, அதுமேல தண்ணி பாட்டில வச்சேன். செஞ்சு பாத்திருக்கீங்களா? வெளிச்சம் பரவலா, மங்கலா, பால் மாதிரி வரும். நெழலு கெடையாது. கண்ணத் தொறந்துட்டா. இது நல்லாருக்குப்பான்னா. அந்த அளவுதான் வேணும் எனக்கு, அந்த பாட்டில் வெளிச்சம் அளவு. அதனாலதான் கொறைங்க கொறைங்கன்னு உங்க உசுர வாங்குறேன்.

ஆங், இது சரி. இந்த அளவுல நிறுத்துங்க. இது விடியிற வரைக்கும் நிக்குமா? நிக்கும்னா சரி.

அது ஒரு பக்கம். சின்னவன் அப்படியே தூங்கிட்டான், பாய் மேல. பாய்னா கோரைப் பாய், உங்களச் சொல்லல. இவ தூங்கல. அப்பா, சனிக்கிழமை நான் பயப்பட மாட்டேன், நான் பிராக்டிஸ் பண்ணிட்டேன்னா. என்ன பிராக்டிஸ்னு கேட்டேன். உங்க வீடு பழைய பிளாக்கு, உங்களுக்கு இருக்காது. செங்காங் வீட்லயெல்லாம் குண்டு விழுந்தா பதுங்குறதுக்குன்னு பாம் ஷெல்ட்டர்னு ஒரு ரூம் உண்டு. நம்ம ஆளுங்க அரிசி மூட்டை, பழைய பெட்டியெல்லாம் போட்டு வச்சிருப்பாங்க. ஜன்னல் கெடையாது. இரும்புக் கதவு. கதவச் சாத்தி லைட்ட அணைச்சீங்கன்னா, நான் ஆஸ்திரேலியாவுல பாத்த இருட்டு அங்கதான் இருக்கு.

அதுக்குள்ள போயி உக்காந்திருக்கா. ஸ்கூல் விட்டு வந்து, அம்மா வேலையிலேருந்து வர்றதுக்கு முன்னாடி. தம்பி வெளிய நின்னு எண்ணுவானாம். மொதல்ல பத்து வரைக்கும் எண்ணச் சொன்னாளாம். அப்புறம் அவனுக்கு எதுவரைக்கும் எண்ணத் தெரியுமோ அதுவரைக்கும். அவன் நடுவுல மறந்துட்டு மறுபடி ஒன்னுலேருந்து ஆரம்பிப்பானாம். அதச் சொல்லிச் சிரிக்கிறா.

உள்ள என்ன பண்ணுவேன்னு கேட்டேன். வாய்க்குள்ள துணி வச்சுக்குவேன்னா.

ஒன்னுமில்ல பாய், உக்காரல்லாம் வேணாம். நின்னே பழக்கம்.

ஏம்மா இப்படின்னேன். பாட்டில்ல தண்ணி ஆடுறதப் பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் தமிழ்ல ஆரம்பிச்சு பாதியில இங்கிலீஷுக்குப் போயிட்டா, பெரிய விஷயம்னா அவ அப்படித்தான். நான் அழுதா நீங்க தோத்துருவீங்களாப்பான்னு கேட்டா. லாயர் விஷயம் அவளுக்கு யாரு சொன்னான்னு நான் கேக்கல. இல்லம்மா, அப்படியெல்லாம் இல்லன்னேன். அப்ப நான் அழலைன்னா அம்மா தோத்துருவாங்களான்னா.

நேரமாச்சு, செருப்ப மாட்டும்மான்னு சொன்னேன்னு நெனைக்கிறேன். கூடாரத்த மடிக்கக்கூட இல்ல, இன்னும் ஹாலுலயே நிக்குது. அதுக்குள்ளதான் இப்ப உக்காந்து சாப்புடுறேன்.

எனக்கா? எனக்கு ஒன்னும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன். அன்னிக்குத் திரும்பி வந்து கோழி சாதம் வாங்கிச் சாப்ட்டேன், தூங்குனேன், காலையில வேலைக்குப் போனேன். கண்ணுல தண்ணி வரும்னு பாத்தேன், வரல. ஏதோ பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கு. தட்டுனா தெரியுது, வலிக்கல.

இத ரெண்டையும் போட்டுருங்க, ஆரஞ்சும் நெத்தி லைட்டும். பெரிசோட விலையில கழிச்சுட்டு மீதிக்குப் பேட்டரி, கேபிள், என்ன இருக்கோ குடுங்க. பை வேணாம், கொண்டாந்திருக்கேன்.

ஃபோட்டோவா? இந்த வெளிச்சத்துல ஃபோட்டோ விழாதுதான், தெரியும். ஃபோட்டோ எடுக்கப் போறதில்ல. லாயரம்மாகிட்டயும் சொல்லிட்டேன், மேற்கொண்டு ஒன்னும் எழுத வேணாம்னு. அவங்க ரெண்டு மூனு தடவ ஃபோன் பண்ணுனாங்க, யோசிங்க சார்னு. நல்லவங்கதான்.

ஆமா, சனிக்கிழமை கண்டிப்பா போறோம். கூடாரம் போட பெர்மிட்டு எடுத்தாச்சு. அவ அழுதா அழட்டும், அம்மாவுக்கு ஃபோன் பண்ணணும்னா நானே பண்ணிக் குடுக்கிறேன்.

லீலாகிட்டயா? அன்னிக்கே சொல்லிட்டேன். செங்காங்ல பிள்ளைங்களக் கொண்டுபோயி விடும்போது, தூங்குன ஆதவன அவ தோள்ல மாத்திப் போட்டுட்டு, லிஃப்ட்டு வர்றதுக்குள்ள சொல்லிட்டேன், ரெண்டு பேரையும் ஆக்லாந்துக்குக் கூட்டிட்டுப் போன்னு.