ஒரு சோடிச் செருப்பு

அலவத்துகொடையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ். முன்சீட்டில் ஊன்றுகோலோடு ஒருவர், பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. மூத்தவர் ஆமியில், அதாவது இராணுவத்தில், இருந்தவர், இப்போது கட்டுகஸ்தோட்டையில் செருப்புக்கடை வைத்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. திடீரென்று அவர் போட்ட சத்தத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கால் போனது போதாதா? அத வச்சு யாவாரமும் செய்யணுமா?"

"கத்தாதீங்க மச்சான். எதிர்ல பெரிய கடை தெறந்துட்டான். ஒங்கட ஆமி போட்டோவ வாசல்ல மாட்டினா சனம் நம்மள்ட்ட வரும். இல்லாட்டி கடைய மூட வேண்டியதுதான்."

"மூடினாலும் மாட்ட மாட்டேன்."

"ஏன், வெக்கமா?"

"எனக்கா வெக்கம்? மாத்தளையில கலியாணம் கட்டின கிளிநொச்சிக்காரன் நம்மட கடைக்கு வாரான்தானே?"

"எடது கால் மட்டும் ஈக்கிற ஆளா?"

"அவன்தான். சண்டையில அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். போட்டோவப் பாத்தா உள்ளுக்கு வருவானா?"

"ஒரு ஆளுக்காகவா மச்சான்? அதுவும் ஒத்தச் செருப்பு வாங்குற ஆளு!"

கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தது. அவர் எழுவதற்கு முன் ஊன்றுகோலைப் பிடித்தபடி, தனக்கிருந்த ஒரே காலை, வலது காலை, மனைவியின் தம்பிக்கு முன்னால் நீட்டினார். புதிய தவிட்டு நிறச் செருப்பு.

"இதுட எடது அவன்ட கால்ல ஈக்கு. புதுச் சோடி வந்தா நாங்க ரெண்டு பேரும் பிரிச்சுத்தான் போடுறது. எதிர்க்கடைக்காரன் அப்பிடித் தருவானான்டு போய்க் கேளு. அதுக்குப் பொறகு போட்டோவப் பத்திப் பேசுவோம்."