பல்சக்கரம் இல்லாத மெஷின்

காரைக்குடியிலிருந்து திருக்கோஷ்டியூர் போகிற பஸ். முன் சீட்டில் ஒரு பெண்ணின் தாய்மாமன், பக்கத்தில் அவளுக்குப் பார்த்திருக்கும் பையன். நான் பின் சீட்டில் இருந்தேன்.

"மெஷின் வேலைன்னு தரகர் சொன்னாரே தம்பி. எங்க அத்தானுக்கு மில்லுல ரெண்டு விரலு போச்சு. அதுலேர்ந்து மெஷின் வேலைக்காரருக்குப் பொண்ணு இல்லைன்னு நிக்குது எங்க அக்கா."

"நாலு பேரு நாலு கம்ப்யூட்டர் பாஷையில புரோகிராம் எழுதுவாக மாமா. அத்தனையும் ஒரே மெஷினுக்குப் புரியிற மாதிரி நான் மாத்திவிடுவேன்."

"நாலுக்கும் ஒரே மெஷினா? எங்குட்டு இருக்கு?"

"எங்குட்டும் இல்ல. அதுவும் ஒரு புரோகிராம்தான். கம்ப்யூட்டருக்குள்ள மெஷின் மாதிரி நடிக்கும்."

"பல்சக்கரம்?"

"கிடையாது."

"பெல்ட்டு?"

"அதுவும் கிடையாது மாமா."

அவர் பையனின் கைகளை ஒருமுறை பார்த்தார். போனை எடுத்தார்.

"அக்கா, மெஷின் வேலைதான். ஆனா மெஷின் கெடையாது."

"அப்ப என்னத்தடா ஓட்டுறாரு?" அந்த அம்மாள் கேட்டது பஸ்ஸுக்கே கேட்டது.

அவர் போனைப் பையனிடம் நீட்டினார்.

"நம்மால ஆகாது. நீங்களே சொல்லுங்க, மாப்பிள்ளை."