வலக் கன்னத்து மச்சம்

அச்சுக்கல்லில் படம் வரைகிறவன் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும், நீதிபதி அவர்களே. காகிதத்தில் அச்சாகும்போது அது நேராகிவிடும். இருபத்திரண்டு வருடமாக எனக்குக் கைவந்த வேலை இது.

லியோகாதி வரென் எங்கள் ருவான் நகர நாடக அரங்கில் ராணி வேடம் கட்டியவர். இடக் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. அவரை எதிரில் உட்காரவைத்து வரைந்த அன்று, முகத்தைப் பார்த்த மயக்கத்தில், பார்த்தது பார்த்தபடியே கல்லில் இறக்கிவிட்டேன். அச்சில் மச்சம் வலக் கன்னத்துக்குப் போய்விட்டது. அச்சுக்கூட முதலாளி கஷே கவனிப்பதற்குள் நானூறு படங்கள் விற்றுப்போயின.

ஒவ்வொரு படத்தின் கீழும் என் பெயர் இருந்தது. எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்த முகம் என்னையே பார்த்தது. கண்ணை மூடினாலும் அந்த மச்சம்தான்.

"என்ன முசியே பெசான், அந்தம்மா மச்சம் மூக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருச்சாமே?" என்று ஒயின் கடையில் எல்லோர் முன்னாலும் கஷே கேட்டார். கடையே சிரித்தது. இனி யார் என்னை நம்பிக் கல்லைக் கொடுப்பார்கள்?

மன்னிப்புக் கேட்க லியோகாதி வரெனிடமே போனேன். ஒத்திகை முடிந்து தலை சீவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே, முசியே. தெனம் கண்ணாடியில நான் பாக்குற மூஞ்சி இதுதான். ஊர்ல உள்ளவங்கதான் என்னைத் தப்பாப் பாக்குறாங்க."

விளையாட்டாகச் சொல்லியிருப்பார் என்கிறீர்கள். அந்த அறையில் இருந்தவன் நான். தம் முகம் எது என்று அவர் தம் வாயாலேயே சொன்னார்.

மறுநாள் பிற்பகல், கல்லில் கோடு நிலைக்க நாங்கள் பூசும் திராவகத்தைச் சிறு புட்டியில் எடுத்துப்போனேன். நல்ல தூரிகையும் கொண்டுபோனேன். "வாங்க முசியே, இன்னொரு படமா?" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வலப்பக்கம் முதலில் புள்ளி வைத்தேன். பிறகு இடப்பக்கத்து மச்சத்தை எடுக்க வேண்டியிருந்தது. கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தும் தலையை அசைத்துவிட்டார். புட்டி கவிழ்ந்தது. இரண்டு கண்ணும் போய்விட்டது என்று மருத்துவர் சொன்னார். வருத்தமாகத்தான் இருக்கிறது.

நான்தான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் எழுத்தர் இதையும் எழுதிக்கொள்ளட்டும்: வலக் கன்னத்துப் புள்ளி, படத்தில் உள்ள அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் விழுந்திருக்கிறது.