பொறிவண்டுகளோடு நான் நடத்திய போர்

விழாத் தலைவரும் நமது மாடித்தோட்டத் தலைவருமான நவரத்தினம் அவர்களே, படியேறி வந்து மூச்சு வாங்கும் பெரியோர்களே, அடுப்பைத் தணித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வெள்ளவத்தை வெயிலை மாடியிலே விளைச்சலாக்கும் வீரர்களே, வணக்கம்.

இயற்கை முறையில் பூச்சி விரட்டுவது பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். பூச்சிகளைக் கேட்டிருந்தால் அவையும் என்னைத்தான் அழைத்திருக்கும். என்னைப்போல் அவற்றுக்கு உதவியவர் எவருமில்லை.

நமது மொட்டைமாடிப் பயற்றங்கொடியில் சாறு உறிஞ்சும் அசுவுணிப் பூச்சி அடை அடையாக அப்பியது. அதே கொடியில், கறுப்பு உடலும் செம்மஞ்சள் புள்ளியுமாக, குட்டி முதலைபோல இன்னொன்று ஊர்ந்தது. பார்த்தேன்; பதைத்தேன்; பகைவன் இவனே என்று பட்டம் கட்டினேன். காலையிலும் நசுக்கினேன், மாலையிலும் நசுக்கினேன். நான் நசுக்க நசுக்க அசுவுணி பெருகியது. தளர்ந்தேனா? இல்லை. இன்னும் உற்சாகமாக நசுக்கினேன்.

கொடி வாடியதும் தலைவர் முடிவெடுத்தார்: "சனிக்கிழமை மருந்தடிப்பம். வேற வழி இல்லை." தலைவர் தலையாட்டுகிறார், நன்றி ஐயா. அன்று மாலையே மேல்மாடி டெனிஷா கைக்குழந்தையோடு என் வாசலில் நின்றார். "அண்ணை, மருந்தடிச்சா பிள்ளைக்கு இழுப்பு வந்திடும். ஏதாவது செய்யுங்கோ."

யாரிடம் கேட்டார்? என்னிடம் கேட்டார். நெஞ்சு நிமிர்ந்தது. மாடிக்கு ஏறி, ஒன்றை நசுக்கிப் படமெடுத்து, 'எதிரி வீழ்ந்தான்' என்று எழுதி, நமது வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உயிரியல் படிப்பிக்கும் ஷிஹாரா ஓடி வந்தார்.

"அங்கிள், இது பொறிவண்டோட புழு. அசுவுணிய திங்கிறதே இதுதான்."

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என் மனைவி இதைவிட அதிகம் சிரித்தாள். எனக்கோ விரல்நுனி கூசியது.

தலைவரிடம் கெஞ்சி இரண்டு வாரம் தவணை வாங்கினேன். விடியலில் இலைகளின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினோம். வண்டுகள் தங்கட்டும் என்று கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டோம். ஷிஹாரா எனக்குத் தந்த தனிப்பணி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. நின்றேன். எஞ்சிய புழுக்கள் தின்றன, வண்டாகின, பெருகின. கொடி துளிர்த்தது, பயற்றங்காய் தொங்கியது. தலைவர் மருந்துப் போத்தலைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, என் தோளில் தட்டினார்.

"நீர் சும்மா நிண்டதுதான் பெரிய உதவி, காணும்."

அன்பானவர்களே, கொல்லத் தெரிந்த கை எனக்கு இருந்தது. பார்க்கத் தெரிந்த கண் இருந்ததா? இலையைத் திருப்பிப் பாருங்கள். எது தின்கிறது, எதைத் தின்கிறது என்று பாருங்கள். பார்த்த பிறகு கையை ஓங்குங்கள். பல நாட்களில் ஓங்கவே வேண்டியிராது.

பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும், என்னிடமிருந்து தப்பிப் பிழைத்த பொறிவண்டுகளுக்கும் என் நன்றியும் வணக்கமும்.