மஞ்சக் கோடு

இல்லீங் தம்பி, அந்த டயர் மேல உக்காராதீங்க, கிரீஸு அப்பிக்கும். ஸ்டூல இளுத்துப் போட்டு இப்படி நெழலுக்கு வாங்க. வெள்ளைச் சட்டை வேற. ஆமாங்க, நாலரைக்குள்ள முடிஞ்சுரும். ஆஸ்பத்திரில உங்கப்பாவ அஞ்சு மணிக்குத்தான உடறேன்னாங்க? சீட்டெழுதி, மாத்திரை மருந்து குடுத்து அனுப்பறதுக்கு இன்னும் எச்சாவே நேரமாகுமுங்க. நான் நாலரைன்னா நாலரை. அதுல மட்டும் பேச்சு மாற மாட்டேன்.

டாக்சி வேண்டாங்கறாருங்களா? சொந்த வண்டியிலதான் ஊடு போய்ச் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரா? நிப்பாருங்க, அவுரு கொணம் அது. அதுவுஞ் சரிதான். நெஞ்சைக் கிளிச்சுத் தெச்ச ஒடம்பு, உக்காந்துட்டுப் போக முடியாது. இந்த வண்டில பின்னாடி சீட்ட மடக்கிப் போட்டா ஒரு ஆளு தாராளமாக் கால நீட்டிப் படுக்கலாம். எனக்குத் தெரியுமுங்க. ஒருக்கா அளந்து பாத்திருக்கறேன். கண்ணாலதான்.

காலைல சிங்காநல்லூர்ல பொகை கெளம்பி நின்னப்ப, ஆட்டோக்காரன் என்ன சொன்னான்? காந்திபுரத்துக்குப் பொறவால பைப்பு வேலுன்னு கேளுங்கன்னானா? எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க. போர்டுல வேலுமணி ஆட்டோ ஒர்க்ஸுன்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கறேன், யாரு படிக்கறாங்க? பைப்பு வேலு. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், இருங்க. உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான்.

வண்டியக் கயித்துல கட்டி இளுத்துட்டு வந்து வாசல்ல நிறுத்துனப்பவே நம்பரப் பாத்துட்டனுங்க. அதுக்கப்பறந்தான் நீங்க எறங்குனீங்க, வெள்ளகோயில் பக்கம், தம்பிதுரை எங்கப்பான்னீங்க. ஆகட்டுமுங்கன்னு மட்டுஞ் சொன்னேன். நான் உங்க தோட்டத்துல வேலை செஞ்ச பாவாத்தா மகனுங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க ஊட்டிப் பள்ளிக்கூடத்துல இருந்தீங்க, லீவுக்குத்தான் வருவீங்க. மிதுன் தம்பி வந்திருக்குது, நெல்லிக்கா கேட்டுச்சு, பொறுக்கிக் குடுத்தேன்னு எங்கம்மா வந்து சொல்லும். ஞாபகம் இருக்குதுங்களா? நெல்லிக்கா மட்டுமா. சரி, அதாவது இருக்குதே.

ஊர்லயா இருந்தா உங்களைச் சின்னப் பண்ணாடின்னு கூப்புடோணும். இது கோயமுத்தூருங்க. தம்பின்னே கூப்படறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டீ குடிங்க, ஆறுது. இங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கிளாசுதானுங்க.

இப்ப இதப் பாருங்க. ரேடியேட்டருக்குப் போற மேல் பைப்பு. உள்ளுக்கு வெரல உட்டுப் பாருங்க, வெள்ளையாப் பாளம் பாளமா வருதா? வெந்நி அண்டாவுக்கடியில புடிக்கற மாதிரி. உங்க தோட்டத்துப் போர்த் தண்ணிங்க. ஒரே உப்பு. கூலண்ட் ஊத்தோணும்னு புஸ்தகத்துலயே போட்டிருக்கறான், யாரு கேக்கறா? மோட்டார் போட்டா கொட்டுது, கொடத்துல புடிச்சு ஊத்தறது. ரெண்டரை வருசத்துல ரப்பர் பைப்பு உள்ளுக்குள்ளயே கரையான் அரிச்ச மாதிரி ஆயிருச்சு. இதுல டர்போ வேற. வெளிய போற சூட்டுப் பொகைல சுத்தற சாமான் அது, அடுப்புத்தான். அதைக் குளுத்தறதுக்குச் சின்னதா ஒரு தண்ணிப் பைப்பு அடியில போகுது. அதுதான் காலைல சிங்காநல்லூர்ல வெடிச்சுது. மத்த மூணும் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருந்துது. அதான் நாலையும் ஒட்டுக்கா மாத்திப்போட்டேன். கிளிப்பு, தெர்மோஸ்டாட்டு, ரேடியேட்டர் மூடி எல்லாம் புதுசு. பழைய சாமான் அந்த முக்காலி மேல இருக்குது பாருங்க. பழசை நான் வெச்சுக்கறதில்லீங்க. எந்த வண்டியா இருந்தாலும் கழட்டுனதச் சொந்தக்காரங்க கையில குடுத்துருவேன். எதைக் கழட்டுனேன், ஏன் கழட்டுனேன்னு அவுங்க கண்ணால பாத்துக்கோணும்.

அந்தக் கிளிப்பு மேல மஞ்சளா ஒரு கோடு தெரியுதா? கம்பெனில பைப்ப மாட்டுனவன், சரியா மாட்டிட்டேங்கற அடையாளத்துக்கு, கிளிப்பையும் பைப்பையும் சேத்து ஒரே இளுப்பா பெயிண்ட்ல ஒரு கோடு இளுத்து உடுவான். ஒருக்காக் கழட்டிட்டா அப்பறம் பிரம்மாவே வந்து மாட்டுனாலும் அந்தக் கோடு ஒண்ணோட ஒண்ணு சேராது. பைப்ப மாத்திட்டாக் கோடே இருக்காது. நாங்க யாரும் கோடு போடறதில்லீங்க. எங்களுக்கெல்லாம் யாரு அடையாளங் கேக்கறாங்க.

பேரு வந்த கதைதானுங்க? சொல்றேன். தொண்ணூத்தியெட்டு சித்திரைல மாரியாத்தா நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தேன். நோம்பி நாள்லயும் எங்கம்மா சும்மா இருக்காது. மொளகாக் காட்டுல பழம் பொறுக்க ஆளில்லைன்னு பண்ணாடி, உங்கப்பாதான், சொல்லி உட்டாருன்னு விடியறப்பவே போயிருச்சு. பதனொரு மணி இருக்குமுங்க. கூட இருந்த செவ்வந்தி அக்கா கத்திக்கிட்டே ஓடி வருது. கண்ணாடி விரியன். அம்மாளுக்குக் கணுக்காலுக்கு மேல ரெண்டு பல்லு.

நான் தோள்ல போட்டுட்டு நேரா உங்க ஊட்டு வாசலுக்குத்தான் ஓடுனனுங்க. வேற எங்க போவேன்? அந்தச் சுத்துவட்டாரத்துல காரு உங்க ஊட்டுல மட்டுந்தான். ஆவணில எடுத்த புது வண்டி, இதே வண்டி, செட்டுக்குள்ள நிக்குது. சீட்டு மேல பாலித்தீன் கவரு அப்படியே இருந்துது. இன்னிக்கும் பிரிக்கலையாட்ட இருக்குதே? பிரிங்க தம்பி. அது மேல படுத்தா ஒடம்பு வேர்த்து வழியும். ஒரு துணி விரிச்சு உடுங்க.

உங்கப்பா வெளிய வந்தாரு. பாத்தாரு. அய்யோ பாவாத்தான்னாரு. அப்பறஞ் சொன்னாரு, வேலு, கெரகம் பாரு, காலைலதான் டர்போவுக்குப் போற தண்ணிப் பைப்பு வெடிச்சுப் போச்சு, தண்ணி பூராக் கொட்டிருச்சு, வண்டி ஒரு அடி நகராதுடான்னாரு.

நான் சொன்னனுங்க, சாமி, சைக்கிள் டியூப் ஒரு துண்டு குடுங்க, இறுக்கிக் கட்டிப் போடறேன், ரெண்டு கொடம் தண்ணி வெச்சுக்கிட்டு ரெண்டு மைலுக்கு ஒருக்கா நிறுத்தி ஊத்தி ஊத்தியே காங்கயம் ஆஸ்பத்திரி போயிருவேன்னேன். வேண்டாம்டா, இஞ்சின் ஜாம் ஆயிரும், கம்பெனி ஆளு வர்ற வரைக்கும் கைய வெக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்கன்னாரு.

நான் சரிங்கன்னேன்.

நான் மெக்கானிக்குங்க தம்பி. பன்னெண்டு வருசமா இஞ்சினுக்குள்ள கைய உட்டவன். பானெட்டத் தூக்க அரை நிமிசம் ஆகுமா? தூக்கலை. தண்ணி பூராக் கொட்டிருச்சுன்னாரே, குனிஞ்சு தரை நனைஞ்சிருக்குதான்னு பாக்கறதுக்கு எத்தனை நேரம்? பாக்கலை. அந்த வாசல்ல சொல்லாம ஒண்ணையுந் தொடக்கூடாதுன்னு பொறந்ததுல இருந்து பழகுன கைங்க இது. கோயமுத்தூர்ல எத்தனை பெரிய ஆளு வண்டியா இருந்தாலும் கேக்காமத் தொறக்கற கை, அங்க போனா மடங்கிக்குது. உங்கம்மா ராசாத்தம்மா கதவோரமா நின்னாங்க. தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. எங்கம்மாளுக்காக அளுவறாங்கன்னு நெனச்சேன்.

மெயின் ரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடி, பஸ்ஸுக்கு நாப்பது நிமிசம் நின்னோம். ரோடு குண்டுங் குழியுமா இருந்துது. ஒவ்வொரு குழிக்கும் அம்மா என்ற மடியில மொனகுச்சு. காங்கயத்துக்கு இன்னும் ரெண்டு மைல் இருக்கறப்ப மொனகலை.

இல்லீங், நீங்க ஏன் சாரி சொல்றீங்க. உக்காருங்க. கேளுங்க, இதுக்கப்பறந்தான் பேரு வந்துச்சு.

எடுக்கற அன்னிக்கு உங்கப்பா மொபெட்டுல வந்தாருங்க. அத்தனை பெரிய மனுசன், உச்சி வெயில்ல, மாலையை ஹேண்டில்ல மாட்டிக்கிட்டு எங்க வளவுக்கு வந்து வேப்ப மரத்தடியில நிக்கறாரு. வண்டி ஓடாததுனால மொபெட்டுல வந்திருக்கறாரு பாருன்னு சனம் பூராப் பேசிக்குது. நான் ஓடிப் போயிக் கால்ல உழுந்தனுங்க. மாலைய அவுரு கீழ வெச்சாரு, நான் எடுத்துக்கிட்டேன். அதுக்கப்பறம் பத்து நாள் வண்டி செட்ட உட்டு வெளிய வரலை. எனக்கு அது வேற வருத்தமுங்க. நம்மளால ஒரு பைப்பு போட்டுக் குடுக்க முடியலையே, மனுசன் பஸ்ஸுல அலையறாரேன்னு.

திரும்பி இங்க வந்ததும் ஒரே வெறி எனக்கு. எந்த வண்டி வந்தாலும் மொதல்ல பைப்பத்தான் பாப்பேன். பிரேக்குக்கு வந்தவன், கிளச்சுக்கு வந்தவன், எல்லாத்துக்கும் இதே பேச்சு. அண்ணா, பைப்ப மாத்துங்க, ஒரு பைப்பு வெடிச்சதுனால எங்கம்மா போயிருச்சுன்னு. சிரிச்சவனும் உண்டு, பயந்து மாத்துனவனும் உண்டு. பக்கத்துப் பட்டறை அப்துல் நாசர் பாயிதான் பைப்பு வேலுன்னு மொதல்ல கூப்புட்டாரு. ஒண்ணே முக்கால் வருசமா அந்தப் பைப்பத் திட்டிக்கிட்டே பொழைக்கறனுங்க. ராத்திரி தூக்கம் வராட்டிக் கூட அதைத்தான் திட்டுவேன். உங்கப்பாவ ஒரு வார்த்தை சொன்னதில்லை. எவனாவது சொன்னாலும் சண்டைக்குப் போவேன். பைப்பு வெடிச்சா அவுரு என்னடா பண்ணுவாருன்னு.

சித்த இருங்க, கடைசிக் கிளிப்பு. ம். ஸ்டார்ட் பண்ணுங்க. பண்ணுங்க, பயப்படாதீங்க. ஓடட்டும். சூடு காட்டற முள்ளப் பாருங்க, நடுவுல நிக்குதா? இனி அது மேல ஏறாது. ஊட்டிக்கே போனாலும் ஏறாது.

காலைல மேல் பைப்பத்தான் மொதல்ல கழட்டுனனுங்க. மஞ்சக் கோடு அப்படியே இருந்துது. சரி, அன்னிக்கு அவுரு வெடிச்சுதுன்னது இதில்லைன்னு கீழ் பைப்புக்குப் போனேன். கோடு இருந்துது. பின்னால சுத்திப் போற பைப்பு, அதுலயும் இருந்துது. அவுரு சொன்னது டர்போ பைப்புத்தானன்னு வண்டிக்கடியில மல்லாக்கப் படுத்தேன். டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு, மாரியாத்தா, இதுல மட்டும் கோடு இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் பாத்தனுங்க. அழுக்கு அடையா இருந்துது. கட்டை வெரலால தொடச்சேன்.

நாலுலயும் இருக்குதுங்க தம்பி. தொண்ணூத்தியேழு ஆவணில கம்பெனில போட்ட கோடு. இன்னிக்குக் காலைல வெடிக்கற வரைக்கும் இந்த வண்டில ஒரு பைப்பும் வெடிக்கலை. ஒரு பைப்பையும் யாரும் மாத்தலை.

வாயில நொரையும் ரத்தமுமா இருந்துது எங்கம்மாளுக்கு. புது சீட்டு. எங்க சனத்துல ஒருத்தரும் அதுல ஏறுனதில்லை. வேற என்ன காரணம் இருக்கப் போகுது? கூட்டியே போக மாட்டேன்னு நேராச் சொல்லியிருந்தாக் கூட அவுரைத் திட்டித் தீத்திருப்பேன். இத்தனை நாளும் ரப்பரத் திட்டிக்கிட்டுக் கெடந்திருக்கறேன்.

எந்திரிச்சுட்டீங்களா? நேரமாச்சுதான், நாலு இருவது. கெளம்புங்க. இல்லீங், வேலை சுத்தமாத்தான் செஞ்சிருக்கறேன், அந்தச் சந்தேகம் வேண்டாம். ஒரு கிளிப்பத் தளத்தி உட்டா வெள்ளகோயில் போறதுக்குள்ள எங்கயாவது நின்னுரும். தெரியாமயா? கை வரலீங்க. இது வேற மாதிரி பழகுன கை.

இந்தாங்க, பழைய பைப்பு நாலும். பேப்பர்ல சுத்தியிருக்கறேன். உங்கப்பா கையில குடுங்க. இன்னிக்கு வேண்டாம், தையலு காயட்டும். எந்திரிச்சு நடக்கறப்பக் குடுங்க. ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம், பாவாத்தா மகன் குடுத்தான்னு சொன்னாப் போதும். கோட்ட மட்டும் அழிச்சுப்போடாதீங்க.

மெதுவாப் போங்க தம்பி. காங்கயந் தாண்டுனா இன்னும் குழியாத்தான் கெடக்குது. படுத்திருக்கற ஆளுக்கு வலிக்கும்.