எஃப் ஒன் அழுத்துகிற ஆள்

தூக்கும்போது முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள். இந்தப் பெட்டியின் எடையை எல்லோரும் குறைத்துத்தான் நினைக்கிறார்கள். வீட்டுக்கு வாங்குகிற கம்ப்யூட்டர் வேறு, அலுவலகத்துக்கென்று செய்த ஒர்க்ஸ்டேஷன் வேறு. இது ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் ஆறு வருடம் உழைத்தது. அவர்கள் புதியது வாங்கியதும் இதை வெளியே தள்ளினார்கள். மேசையின் இந்தப் பக்கம் வைப்போம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதுவும் மூச்சு விட வேண்டுமே.

ஏன் விற்கிறேன் என்று வாசலிலேயே கேட்டீர்கள். பழைய சாமான் விற்கிறவர்கள் எல்லோரும் "புதுசு வாங்கிட்டேன்" என்று சொல்வார்கள். நான் புதுசு எதுவும் வாங்கவில்லை. மூடியைக் கழற்றித் தூசி தட்டி, வண்டியில் வந்த குலுக்கலில் ஏதாவது அசைந்திருக்கிறதா என்று பார்க்க எப்படியும் அரைமணி நேரம் ஆகும். டார்ச்சை இப்படிச் சாய்த்துப் பிடியுங்கள். அதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. சமீபத்தில் ஏற்பட்ட கொள்கை.

நான் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவன். ஒரு கார் நிறுத்தும் கட்டடத்தில் பதினாறு கேமராவின் படத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஒரு பூனை வந்தது. மூன்றாவது வருடம் அதுவும் வரவில்லை. வேலையை ராஜினாமா எல்லாம் செய்யவில்லை. ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போய் "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்றேன். சமையலறைக்குப் பின்னால் சூட்கேஸ்களும் உடைந்த இஸ்திரிப் பெட்டியும் கிடந்த ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தாள். ஜன்னல் இருந்தது. எனக்கு அது போதும்.

அக்காவுக்கு வீட்டிலிருந்தே வேலை. அலமாரி, சமையல் மேடை, படுக்கையறை, இவற்றையெல்லாம் தச்சன் கை வைப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதுபோலப் படமாகச் செய்து தருவாள். சுவரில் விழுகிற வெயில்கூட நிஜம்போல இருக்கும். அவளிடம் இருந்த பழைய லேப்டாப் ஒரு படத்துக்கு அரை நாள் எடுத்துக்கொண்டது. மாமா, அதாவது அவள் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனிதர். நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். மூன்றாவது மாதம் சாப்பிடும்போது கேட்டார்.

"மாப்ள, பத்து நாள்னு சொன்னியே, அது எந்த ஊர் காலண்டர்ல?"

"சும்மா இருங்க" என்றாள் அக்கா. "அவன் எனக்கு கம்ப்யூட்டர் ரெடி பண்ணித் தரேன்னு சொல்லியிருக்கான்."

"பண்ணட்டும். பண்ணி முடிச்சதும் ஒரு வேலையப் பாத்துக்கிட்டுக் கிளம்பட்டும். நான் என்ன இன்னைக்கேவா போகச் சொன்னேன்?"

பண்ணி முடித்ததும். அந்தச் சொல்லை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கவனித்தேன்.

பழைய ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாம் என்பது என் யோசனை. இன்றைக்கும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். பகலில் அக்காவின் படங்கள், சாயங்காலம் என் விளையாட்டு, இரண்டுக்கும் ஒரே பெட்டி. வீட்டு கம்ப்யூட்டருக்குப் போடுகிற மெமரி இதற்குச் சேராது, சர்வர் வகைதான் வேண்டும். பெரிய அலுவலகங்கள் கழித்துப் போடுவதால் அது சல்லிசாகக் கிடைக்கும். எட்டுத் துண்டு தேடி வாங்கிப் போட்டேன். பாருங்கள், வரிசையாக எப்படி நிற்கிறது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டினேன். இதோடு வந்த கிராஃபிக்ஸ் கார்டு வரைபடத்துக்கு உழைக்கும், விளையாட்டில் படுத்துவிடும். ஆகவே இன்னொருவர் விளையாடி அலுத்த கார்டு ஒன்றைப் பிடித்தேன். அது ஒரு விரல்கடை நீளம் அதிகம். முன்னால் இருக்கிற இந்த விசிறியின் தாங்கி இடித்தது. தாங்கியோடு விசிறியையும் கழற்றி வைத்தேன். அன்றைக்கு அதில் கள்ளம் எதுவும் இல்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்துக்குச் செய்த பெட்டி என்றேனே, இதற்குக் கொஞ்சம் அதிகாரிகளின் குணம் உண்டு. தனக்கு வைத்த விசிறிகளில் ஒன்று குறைந்தால் கிளம்பாது. கறுப்புத் திரையில் "முன் விசிறியைக் காணவில்லை, தொடர எஃப் ஒன் அழுத்தவும்" என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எஃப் ஒன்னை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

முதல் நாள் காலையில் அக்கா அதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "டேய், இங்க வாயேன்! ஏதோ கேக்குது!" போய் அழுத்தினேன். கிளம்பியது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மூன்று வருடம் பதினாறு திரையைப் பார்த்த எனக்கு அப்படி ஒரு முகம் எந்தத் திரையிலும் கிடைத்ததில்லை.

அந்த ஒரு பொத்தானை நீயே அழுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "உள்ள சூடு எவ்வளவு இருக்குன்னு பாக்காம அழுத்தினா ப்ராசஸர் வெந்துடும்க்கா" என்றேன். அதற்கப்புறம் தினமும் காலையில் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்பேன். தகட்டைத் தொட்டுப் பார்ப்பேன். கீபோர்டை உடம்பால் மறைத்துக்கொண்டு எஃப் ஒன்னை அழுத்துவேன். பிறகு ஒரு பத்து வினாடி எதையாவது தட்டுவேன். ஒரே தட்டில் வேலை முடிந்தால் யாருக்கும் மரியாதை வராது. மாமா பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்ப்பார்.

"என்ன மாப்ள, நாடி எப்படி? பொழைக்குமா?"

"இன்னைக்குப் பரவாயில்ல மாமா."

சாயங்காலங்களில் அவரும் என்னோடு கார் பந்தயம் விளையாடுவார். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்டு, பந்தயத்தில் கடைசியாக வருவார். "லிஃப்ட்காரன்டா நான். அலுங்காமத்தான் நிறுத்துவேன்" என்பார். எங்களுக்குள் விரோதம் எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அந்த நீள கார்டுக்குப் பதிலாகக் குட்டையானது ஒன்று கிடைத்தது. இதோ, இப்போது இருப்பது. விசிறிக்கு இடம் கிடைத்துவிட்டது. விசிறியை அதன் இடத்தில் மாட்டினேன். வயரைச் செருகவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் வழக்கமாகிவிட்டது. வேலை, காலண்டர் என்று மாமா ஏதாவது பேச்செடுத்தால், மறுநாள் எட்டு மெமரியில் ஐந்தை எடுத்துவிடுவேன். பெட்டி தவழும். அக்கா கூப்பிடுவாள். இரண்டு நாள் "பார்த்து", ஐந்தையும் திருப்பி மாட்டுவேன். பெட்டி பறக்கும். பேச்சு அடங்கும். இயந்திரத்தைக் கெடுத்தேன் என்று சொல்ல முடியாது. அது எப்போதும் முழு ஆரோக்கியத்தோடுதான் இருந்தது. அதன் ஒரு பகுதி என் அலமாரியில் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.

அக்காவின் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. வேறு ஊர். நிரந்தர வேலை, குடியிருக்க வீடு. ஐந்து படம் செய்து வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும், அதுதான் பரீட்சை. வீடு முழுக்க ஒரே சிரிப்பு. மாமா எனக்குக் கை கொடுத்தார்.

"எல்லாம் உன் பெட்டி செஞ்ச புண்ணியம் மாப்ள. அங்க ரெண்டே ரூம்தானாம். நீயும் இனிமே உன் வழியப் பாத்துக்கலாம், நிம்மதியா."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா? தூசி தொண்டையில் பிடித்துக்கொண்டது. டார்ச்சை என்னிடம் கொடுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். அவசரம் இல்லை.

நன்றி. சமையலறைக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தியிருக்கிறீர்களே, அந்த அறைக்கு ஜன்னல் உண்டா? உண்டா. நல்லது.

எங்கே விட்டேன்? மாமா கை கொடுத்த இடத்தில். அடுத்தது திருகு. ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கிறதே, அலுமினியப் பட்டை பட்டையாக, அதுதான் சூட்டை இழுத்து வெளியே விடுவது. நான்கு திருகு. அவற்றில் இரண்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். சின்ன வேலைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முழுப் படத்தைச் செய்யச் சொன்னால் பெட்டி முழு மூச்சில் உழைக்க வேண்டும். நாற்பது நிமிடத்தில் கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். நெருப்பு, புகை எதுவும் கிடையாது. அணைந்துவிடும், அவ்வளவுதான். அதுவரை செய்த படம் போய்விடும்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் திறந்தேன், மூடினேன், மேசை விசிறியைக் கொண்டுவந்து வீசவிட்டேன். நடு நடுவே முக்கால் சுற்று இறுக்கினேன், ஏதாவது ஒரு படமாவது முடியட்டும் என்று. ஒரேயடியாக ஒன்றுமே நடக்காவிட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று படம் முடிந்தது. அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். "நீ போய்க் கொஞ்சம் படுடா, கண்ணெல்லாம் செவந்திருக்கு" என்றாள். நான் படுக்கவில்லை.

வெள்ளி மதியம் அந்த நிறுவனத்துக்கு போன் செய்து ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அவர்கள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். அவள் அழவில்லை. மாமாவின் சட்டைகளை இஸ்திரி போட்டாள். ஏற்கெனவே போட்டு மடித்து வைத்திருந்த சட்டைகள். சாயங்காலம் மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "அவன ஒண்ணும் சொல்லாதீங்க. அவன் இல்லேன்னா அந்த மூணும் முடிஞ்சிருக்காது" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் எவ்வளவு திறமையான ஆள் என்று எனக்கே தெரிந்தது.

மாட்டிக்கொண்டது என் பல்லால். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க ஒரு காலையில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். அக்காவுக்கு அவசரம். மாமா வந்து எஃப் ஒன்னை அழுத்திவிட்டார். ப்ராசஸர் வேகவில்லை. லிஃப்ட்காரருக்குச் சந்தேகம் வந்தது. கதவு மூடியதா என்று பார்க்கிற சென்சாரின் வயரைப் பிடுங்கினால் லிஃப்டும் இப்படித்தான் அடம்பிடித்து நிற்குமாம். பெட்டியைத் திறந்திருக்கிறார். செருகாத வயர் தொங்கியது. அதோடு விட்டிருக்கலாம். திருகுகளைப் பார்த்துப் பழகிய மனிதர். நான்கில் இரண்டின் தலையில் மட்டும் புதுக் கீறல்.

நான் திரும்பி வந்தபோது இருவரும் திறந்த பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"ஒரே ஒரு பட்டன்டா மாப்ள" என்றார் மாமா. திட்டவில்லை. ஏதோ ஆச்சரியப்பட்டவர் மாதிரிதான் இருந்தார்.

பொய் சொல்ல வாய் வேண்டும். எனக்குப் பாதி வாய் மரத்திருந்தது, மீதிப் பாதியில் பஞ்சு. அக்கா அந்த இரண்டு திருகையும் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த வெள்ளிக்கிழமையுமா?"

பஞ்சை எடுத்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"ரெண்டு சுத்துதான்க்கா."

அவள் மூடியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு, "போகும்போது இதையும் எடுத்துட்டுப் போயிடு" என்றாள். இப்போது ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்க்கிறாளாம். ஒரு வகையில் நல்லதுதான். உட்கார்ந்தே இருந்தால் இடுப்புக்கு ஆகாது.

ஆக, விற்கிற காரணம் இதுதான். நான் மாறிவிட்டேன். மாறாதவன் இதையெல்லாம் உங்களிடம் சொல்வானா? யோசித்துப் பாருங்கள். விசிறியின் வயர், இதோ, உங்கள் கண்ணெதிரில் செருகுகிறேன். நான்கு திருகையும் நீங்களே விரலால் தொட்டுப் பாருங்கள். இறுக்கமா? சரி. மூடியைப் போடுகிறேன். ஸ்விட்சை நீங்களே போடுங்கள்.

சுற்றுகிறது பாருங்கள், எல்லா விசிறியும். எஃப் ஒன் கேட்கவே இல்லை.

இந்தச் சத்தமா? மூன்று தடவை பீப். திரையும் வரவில்லை. ம். இது விசிறி இல்லை, விசிறி அருமையாகச் சுற்றுகிறது. இது மெமரி. வழியில் வேகத்தடைகள் அதிகம், ஏதாவது அசைந்திருக்கும். எட்டில் எது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். பழகாத கை பட்டால் இன்னொன்றும் போகும், நீங்கள் தொடாமல் இருப்பதுதான் நல்லது. இன்றைக்கே முடியும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி திங்கட்கிழமை ஒரு கல்யாண வீடியோவை எடிட் செய்து கொடுக்க வேண்டும் என்று போனில் சொன்னீர்கள் அல்லவா? அவரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

என் பை கீழே வண்டியில்தான் இருக்கிறது. மாற்றுத்துணி எல்லாம் வைத்திருக்கிறேன். அந்த சைக்கிளை மட்டும் கொஞ்சம் வெளியே நிறுத்தினால் போதும்.

இன்னொன்று. நீங்கள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த அந்த ஒரு நிமிடத்தில் நான் எதையும் தொடவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.