பிள்ளையார் விளக்கும் கியர் பெட்டியும்

வெள்ளிக்கிழமை, முற்பகல் பத்தே முக்கால். தம்பானூரிலிருந்து கரமனைக்குச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறினேன். முன்னிருக்கையில் நடுவயதுத் தம்பதியர் அமர்ந்திருந்தனர். பேருந்து நகர்ந்ததும் அந்த அம்மாள் சொன்னார்:

“பிள்ளையாராலே வாரண்டி போயிடுத்துன்னே நெனச்சேன், கேட்டேளா.”

“பிள்ளையார் என்ன பண்ணுவார்? வெளிக்கடையில வயரை வெட்டி, டேஷ்போர்டுல அவருக்கு விளக்கு போடச் சொன்னது நீ.”

“புது வண்டியில சுவாமி இருட்டிலயா இருப்பார்?”

“அவர் வெளிச்சத்துல இருக்கார், நாம பஸ்ஸுல இருக்கோம். கியர் பெட்டி போனதும், வயரை வெட்டியிருக்கு, வாரண்டி கிடையாதுன்னு சர்வீஸ் சென்டர் மேனேஜர் சொல்லிட்டான். அப்பாவை டயாலிசிஸுக்கு எப்படிக் கொண்டுபோறதுன்னு எனக்கு ஒறக்கமே இல்லை.”

“அந்த மெக்கானிக் பொண்ணு நன்னா இருக்கணும். எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துட்டு, விளக்கு வயருக்கும் கியருக்கும் ஒரு பந்தமும் இல்லேன்னு ரிப்போர்ட்ல எழுதினாளே! மேனேஜரும் ஒத்துண்டுட்டான்.”

“விளக்கு லைன்ல கேடு வந்தா மாத்திரம் நம்ம பொறுப்பு. மத்ததுக்கெல்லாம் வாரண்டி உண்டு. நாளைக்கு வண்டி வந்துடும்.”

“அவளுக்கு இன்னிக்கே நன்றின்னு நாலு வரி எழுதுங்கோ. அப்புறம்னா மறந்துடுவேள்.”

அவர் உடனே கைப்பேசியை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் கரமனையில் இறங்கினேன்.

நான் இதுவரை செய்யாதவை:

என் மனைவியின் கடைசி நாளில், பணிநேரம் முடிந்த பின்னும் வீட்டுக்குப் போகாமல் அவளருகே இருந்த செவிலியரின் பெயரை விசாரிப்பது.

அவருக்கு ஒரு கடிதம் எழுதுவது.

அதை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது.